எடு கரணையை! எழுப்பு ஊரை!

உன் ஊர் எது என்று வெளியூரில் யாராவது கேட்டால் என்ன சொல்கிறாய்?

"பாண்டிச்சேரி பக்கத்துல" என்கிறாய்!

ஏன் தம்பி? ஏன் தங்கச்சி? கோட்டக்குப்பம் என்று சொல்ல வாய் வரவில்லையா?

2021-இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியாக உயர்ந்த ஊர் அது. விழுப்புரம், திண்டிவனம் வரிசையில் நிற்கிற ஊர். அரசாங்கம் தகுதியைக் கொடுத்துவிட்டது. நீதான் இன்னும் கொடுக்கவில்லை!

சனிக்கிழமை காலையில் ஈசிஆரில் நின்று பார். சென்னைக் கார்கள் வரிசையாக வரும். எத்தனை கார் உன் ஊரில் நிற்கிறது? கண்ணாடியைக்கூட இறக்காமல் பறக்கின்றன. நேரே புதுச்சேரி. அங்கே ஒரு பழைய வீட்டுத் திண்ணை. அதில் உட்கார்ந்து காபி குடிக்க, உன் வீட்டில் ஒரு நாள் காய்கறிக்கு ஆகிற பணத்தை எடுத்து வைக்கிறார்கள்.

அந்தத் திண்ணையைப் பூசியது யார்? அந்தக் கதவை இழைத்தது யார்? அந்த ஓட்டை வேய்ந்தது யார்?

உன்னைப் போன்றவர்கள்தான்! விடிந்ததும் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டிப் போய், பொழுது சாய்ந்து திரும்புகிற கொத்தனார், தச்சர், சித்தாள்!

உழைப்பு உன்னுடையது. பெயர் அடுத்த ஊருக்கு. உனக்கு உறைக்க வேண்டாமா?

"எங்க ஊர்ல என்னங்க இருக்கு?" என்று உடனே ஆரம்பிப்பாய். அந்தப் பாட்டை முதலில் நிறுத்து!

பிரெஞ்சுக்காரன் இந்தக் கரைக்கு எதற்கு வந்தான்? கடற்காற்று வாங்கவா? 1674-இல் பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் கால் ஊன்றியது துணி வியாபாரத்துக்காக! இந்த வட்டாரத்து நெசவாளியின் தறியை நம்பி!

19-ஆம் நூற்றாண்டில், புதுச்சேரியில் அவுரியில் தோய்த்த நீலத்துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. 'கினே' என்று பெயர். அங்கே அது உடுத்தும் துணி மட்டுமல்ல, பணம்! அந்த நீலத்துணியை அளந்து கொடுத்துத்தான் வியாபாரிகள் கருவேலம் பிசின் வாங்கினார்கள்.

இந்த மண்ணின் கைவேலை இன்னொரு கண்டத்தில் காசாகப் புழங்கியிருக்கிறது. நீயோ "என்ன இருக்கு" என்கிறாய்!

பிறகு மில் வந்தது. கைத்தறி ஒடுங்கியது. மில்லாவது நிலைத்ததா? 1898-இல் புதுச்சேரியில் தொடங்கிய ஏஎஃப்டி மில் 2020 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. நூற்றாண்டைத் தாண்டிய சங்கு ஓய்ந்தது.

சரி, போனது போகட்டும். ஒரு தொழில் போனால் ஊரே போய்விடுமா? இருக்கிறவன் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும்போதுதான் ஊர் போகிறது!

கைத்தொழில் ஏன் நலிகிறது? ஆள் இல்லாமலா? இல்லை. அந்தக் கைக்கு வேலை கொடுக்கிற வீடு இல்லாமல்! அந்த வேலையைக் கண்ணில் காட்டுகிற தெரு இல்லாமல்!

கணக்குப் போட்டுப் பார். பழைய வீட்டை இடித்துவிட்டு கான்கிரீட் பெட்டி எழுப்புகிறாய். பணம் எங்கே போகிறது? சிமென்ட் கம்பெனிக்கு. கம்பி ஆலைக்கு. எங்கிருந்தோ லாரியில் வருகிற டைல்ஸுக்கு.

அதே வீட்டைப் பழுது பார். பணம் யாருக்குப் போகும்? சுண்ணாம்பு அரைக்கிறவருக்கு, மரம் இழைக்கிறவருக்கு, கீல் அடிக்கிறவருக்கு, ஓடு சுடுகிறவருக்கு. ஊர்ப் பணம் ஊருக்குள்ளேயே சுற்றும்!

இதைப் புரிந்துகொண்ட ஊர்கள் எழுந்துவிட்டன. புரியாத ஊர்கள் பழம்பெருமை பேசியே படுத்துக் கிடக்கின்றன.

"மேடையில் பேச நல்லாயிருக்கும்" என்கிறாயா? பேச்சை விடு. பஸ் ஏறு! புதுச்சேரி வைசியாள் வீதிக்குப் போ!

கால்வே சுப்பராய செட்டியார் வீதி என்றும் அதற்குப் பெயர். தெருவின் மேல் தாழ்ந்து இறங்கும் ஓட்டுத் தாழ்வாரம். அதைத் தாங்கும் மரத்தூண்கள். தூணுக்குப் பின்னால் திண்ணை. திண்ணைக்குப் பின்னால் செதுக்கு வேலைக் கதவு. ஒரு வீட்டுத் தாழ்வாரம் முடிகிற இடத்தில் அடுத்த வீட்டுத் தாழ்வாரம் தொடங்கும். வீடு ஒருவருடையது. நிழல் தெருவில் நடக்கிற எல்லோருக்கும்!

அதைக் கட்டியவர்கள் நகரமைப்புப் பட்டமா வாங்கியிருந்தார்கள்? வெயில் தெரியும். மழை தெரியும். மனிதன் தெரியும். அது போதும்!

தெற்கே காஜியார் வீதி, முல்லா வீதிப் பக்கம் போ. முஸ்லிம் மக்களின் பழைய வீடுகளைப் பார். மாடியில் மர வேலைப்பாட்டுடன் பால்கனி. காற்றும் வரும், மறைவும் இருக்கும். உன் ஊர்த் தெருக்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடப்புத்தகம் எங்கே கிடைக்கும்?

வைசியாள் வீதியும் ஒரு காலத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்ததுதான். 1990-களில் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் கணக்கெடுத்தபோது புதுச்சேரியில் ஏறத்தாழ 1,800 பாரம்பரியக் கட்டடங்கள் இருந்தன. அதன் பிறகு பல நூறு கட்டடங்கள் கண்ணெதிரே தரைமட்டமாயின.

சிலர் மட்டும் சும்மா இருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஆசியா அர்ப்ஸ்' திட்டம் 2002-இல் புதுச்சேரிக்கு வந்தது. இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நெவ்-சுர்-லோவும் கைகோத்தன. இன்டாக் கூடவே நின்றது. வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகள் ஒவ்வொன்றாகச் சீராயின.

இங்கேதான் நீ கவனிக்க வேண்டும்! திட்டம் ஒரு பங்கு போட்டது. வீட்டுக்காரர்களும் தங்கள் பங்கைப் போட்டார்கள்! "எல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று திண்ணையில் சாய்ந்துகொள்ளவில்லை.

2008-இல் அந்த வேலைக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

முழு நகரமுமா? இல்லை. ஒரு தெரு! ஒரே ஒரு தெருவைத் திருத்தியதற்கு உலகம் திரும்பிப் பார்த்தது. உன் ஊரில் ஒரு தெரு இல்லையா?

"பணம்?" அடுத்த கேள்வி அதுதானே?

அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைத் தெரியுமா? கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் வரைந்தது. ஜார்ஜ் நகாஷிமா உடனிருந்து எழுப்பியது. 1930-களில் தொடங்கி, உலகப் போர் மூண்ட காலத்தில் வளர்ந்த கட்டடம். ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாமிடமிருந்து நன்கொடை வந்தது. அதனால்தான் அந்தப் பெயர்.

நன்கொடை வந்தால் மட்டும் கட்டடம் எழுந்துவிடுமா? கம்பி கட்டியது யார்? கான்கிரீட் போட்டது யார்? பெரும்பாலும் ஆசிரமவாசிகள்! அதற்கு முன்பு கட்டட வேலையே பார்த்திராதவர்கள்! கதவுக்குக் கீலும் கொக்கியும் வேண்டும். என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்தார்கள்!

பாத்திரத்தை உருக்கிக் கீல் வார்த்தவர்கள் இருந்த ஊருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "பட்ஜெட் வரட்டும்" என்கிறாயே, நியாயமா?

"இடிஞ்சது இடிஞ்சதுதான். இனிமே எங்க?"

அப்படியா? 2014 நவம்பர் 29. கொட்டும் மழை. கடற்கரைச் சாலையில் ஒன்றரை நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருந்த புதுச்சேரி மேரி கட்டடம் சரிந்து விழுந்தது. பிரெஞ்சுக் காலத்து நகர மன்றம். கண்மூடித் திறப்பதற்குள் செங்கல் குவியல்!

அன்று எத்தனை பேர் 'அவ்வளவுதான்' என்று உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள்?

முடியவில்லை! உலக வங்கி நிதியில், அதே இடத்தில், பழைய தோற்றத்திலேயே மேரி மறுபடியும் எழுந்தது. 2021 பிப்ரவரியில் திறப்பு விழாவும் நடந்தது. விழுந்தது ஒரு நாளில். எழுந்திருக்க ஆண்டுகள் ஆயின. ஆனாலும் எழுந்தது!

உன் வாழ்க்கையிலும் ஏதோ ஒன்று இடிந்து கிடக்கிறதா? கடை மூடியதா? பரீட்சை போனதா? வளைகுடாவுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினாயா? இடிந்த இடத்திலேயே அஸ்திவாரம் தோண்டு! அந்த இடத்தின் அளவு உனக்குத்தான் தெரியும்!

"எங்க கஷ்டம் வேற. கடல் ஊரையே தின்னுது" என்று மீனவக் குப்பத்துத் தம்பி சொல்வான். அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1980-களில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணல் தடைப்பட்டது. வடக்கே கரை அரித்தது. உன் கரையும்தான்.

அதற்காக, விதி என்று உட்கார்ந்துவிடுவாயா? புதுச்சேரியில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் கரையோரக் கடலுக்குள் மூழ்கிய தடுப்புத் திட்டை அமைத்தது. 2018, 2019-இல் காந்தி சிலைப் பக்கம் மணல் மறுபடியும் சேர்ந்தது. பல்லாண்டுகளாகக் கருங்கல்லை மட்டுமே பார்த்த ஜனங்கள் கடற்கரையில் கால் நனைத்தார்கள்!

மனிதன் போட்ட தப்புத் திட்டம் கெடுத்ததை மனிதன் போட்ட சரியான திட்டம் திருத்தியிருக்கிறது. உன் கரைக்கும் அதைக் கேள்! அழுது கேட்காதே. வரைபடத்தோடு கேள்! கணக்கோடு கேள்!

இன்னும் பெரிய இடி விழுந்த ஊர் ஒன்று சொல்லட்டுமா?

2001 ஜனவரி 26. குஜராத்தின் கட்ச் பூகம்பம். தமட்கா என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக 'அஜ்ரக்' அச்சுத்துணி சாயமிட்டு வந்த கத்ரி முஸ்லிம் குடும்பங்கள். வீடு போனது. பட்டறை போனது. அதைவிடக் கொடுமை, நிலத்தடி நீரில் இரும்பு கூடிப்போனது. சாயக்காரனுக்குத் தண்ணீர் கெட்டால் தொழிலே கெட்டது!

என்ன செய்தார்கள்? நிவாரண வரிசையில் காலமெல்லாம் நின்றார்களா? புஜ் நகருக்கு அருகே நிலம் வாங்கினார்கள். புதிய ஊரையே கட்டினார்கள்! ஊருக்குத் தொழிலின் பெயரையே வைத்தார்கள். அஜ்ரக்பூர்! 2016-இல் அந்த ஊரில் கைவினைகளுக்கென்றே ஷ்ருஜன் அமைப்பின் அருங்காட்சியகமும் பயிற்சிக்கூடமும் எழுந்தன. உலகம் அங்கே தேடி வருகிறது.

அவர்கள் தண்ணீரே போனபின் ஊர் கட்டினார்கள். உனக்கு என்ன போய்விட்டது? சொல்!

"மூடின மில்லை வச்சு என்ன பண்றது?" என்று கேட்கிற புதுச்சேரி நண்பனிடம் ஜப்பானின் கனசாவாவைச் சொல். தங்கத் தகடு தட்டுகிற ஊர். அங்கே ஒரு பழைய நூற்பாலையின் கிடங்குகள் காலியாகக் கிடந்தன. இடிக்கவில்லை. 1996-இல் பொதுமக்களின் கலைக்கூடமாக மாற்றினார்கள். நாடகம், இசை, ஓவியம். இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும். நடத்துவது யார்? ஊர் ஜனங்களே! 2009-இல் கைவினைக்கான யுனெஸ்கோ படைப்பாக்க நகரம் என்ற பெயர் அந்த ஊருக்குக் கிடைத்தது.

ஜப்பான் தூரமா? சரி, உன் வீட்டு வாசல் வழியாகப் போகிற அதே ஈசிஆரில் வடக்கே போ. மாமல்லபுரம் வரும்.

பல்லவன் போய் ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1957-இல் அங்கே அரசு சிற்பப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. வகுப்பில் உளிச் சத்தம் எழுந்தது. பிறகு தெருவெங்கும் எழுந்தது! அந்தப் பள்ளி கல்லூரியாக வளர்ந்தது. அதை வழிநடத்திய வை. கணபதி ஸ்தபதிதான் கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை நிறுத்தினார். மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஒரு பயிற்சிக்கூடம் ஒரு ஊரின் பிழைப்பையே மாற்றியிருக்கிறது! ஈசிஆரில் அங்கே கார் நிற்கிறதே, ஏன்? உளிச் சத்தம் கேட்கிறது. வேலை கண்ணில் படுகிறது!

உன் ஊரில் தச்சுப் பட்டறை எங்கே இருக்கிறது? சந்துக்குள், தகரக் கொட்டகைக்குப் பின்னால். தையல்காரி எங்கே? இருட்டு அறையில். வலை பின்னுகிறவர் எங்கே? யார் கண்ணிலும் படாத இடத்தில். ஒளித்து வைத்த திறமையை யார் தேடி வருவார்கள்?

பட்டறையைத் தெருவுக்குக் கொண்டு வா! அதன் முன் ஒரு தாழ்வாரம் இறக்கு! அதன் கீழ் ஒரு திண்ணை போடு! பட்டறைத் தெருவை லாரி இல்லாமல் மனிதன் நடக்கிற தெருவாக ஆக்கு! நகரமைப்பு என்று பெரிய பெயர் சொல்கிறார்களே, அதன் அரிச்சுவடி இதுதான்!

"அதுக்குப் படிச்ச இன்ஜினீயர் வேணும்" என்பாய். வேண்டும்தான். ஆனால் உன் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தாயா?

ஆரோவில்! 1968 பிப்ரவரி 28-இல் பொட்டல் செம்மண் மேட்டில் தொடங்கிய ஊர். அங்கே 1989 முதல் மண் கட்டடக்கலைக்கென்றே ஒரு நிறுவனம் இயங்குகிறது. காலடியில் கிடக்கிற செம்மண்ணைச் சலித்து, நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமென்ட் கலந்து, அளவாக ஈரம் காட்டி, கையால் இயக்கும் அச்சில் போட்டு நெம்புகோலை இழுத்து இறக்குகிறார்கள். கல் வெளியே வருகிறது. சூளை வேண்டாம். விறகு வேண்டாம். நான்கு வாரம் தண்ணீர் காட்டினால் போதும். அந்தக் கல்லில் கட்டிய ஆரோவில் பார்வையாளர் மையத்துக்கு 1992-இல் 'ஏழைகளுக்கான கட்டடக்கலை' என்ற பெயரில் ஹசன் ஃபாத்தி விருது!

எங்கிருந்தெல்லாமோ விமானம் ஏறி வந்து அதைக் கற்றுக்கொண்டு போகிறார்கள். நீ சைக்கிள் மிதித்தால் போதும். போனாயா?

"கத்துக்கிட்டு, காசு போட்டு, தோத்துட்டா?"

இதோ, கடைசி முட்டுக்கட்டை வந்துவிட்டது! பயம்!

பழைய முறையில் சுவர் பூசுகிற ஒரு கொத்தனாரைப் போய்ப் பார். சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறப் போடுவார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை ஊற்றி அரைப்பார். ஒரு கை பூசி, அது இறுகும் வரை பொறுத்து, அடுத்த கை பூசுவார். மேல் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. பிறகு வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்ப்பார். தேய்ப்பார். தேய்த்துக்கொண்டே இருப்பார். சுவரில் முகம் தெரிகிற வரை!

அவருக்கு ஒரு தரம்கூடப் பிசகவில்லை என்றா நினைக்கிறாய்? பூச்சு வெடிக்கும். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசுவார். சுவர் சாய்ந்தால் தூக்குக்குண்டு காட்டிக்கொடுக்கும். பிரித்துக் கட்டுவார். உட்கார்ந்து அழுவாரா? அடுத்த வீட்டுக்காரன் என்ன சொல்வான் என்று ஓடி ஒளிவாரா?

சுவர் சாய்ந்ததற்கே கலங்காத வம்சத்தில் பிறந்துவிட்டு, வாழ்க்கை கொஞ்சம் சாய்ந்ததற்கு நீ நடுங்குகிறாயே!

தோல்வி வரும். வரட்டும்! கை வலிக்கும். வலிக்கட்டும்! "இவனுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்! வேலை முடிந்த திண்ணையில் முதலில் வந்து உட்காரப் போவதும் அவர்கள்தான்!

இப்போது காரியத்துக்கு வா.

இந்த ஞாயிற்றுக்கிழமை உன் தெருவை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நட. எந்த வீட்டில் தச்சர், எந்த வீட்டில் கொத்தனார், எந்த வீட்டில் தையல், எந்த வீட்டில் வலை பின்னல். ஒரு நோட்டில் எழுது. உன் தெருவின் சொத்துப் பட்டியல் அது!

இன்னும் நிற்கிற பழைய வீடுகளைப் போனில் படம் எடு. தூண், கதவு, ஓடு, ஜன்னல், ஒன்றையும் விடாதே. இடித்த பிறகு புலம்பி என்ன பயன்?

கடன் வேண்டுமா? 2025-இல் தமிழ்நாடு அரசு கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. இருபத்தைந்து கைவினைத் தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன். அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம். 35 வயது ஆகியிருக்க வேண்டும். உனக்கு வயது போதவில்லையா? உன் அப்பாவுக்கு எழுதிக் கொடு! உன் அம்மாவுக்கு எழுதிக் கொடு! அவர்கள் கைக்கு நீ காலாக ஓடு!

மாணவனா? கட்டடக்கலை படிக்கிறாயா? உன் கல்லூரி புராஜெக்டுக்கு எங்கோ இருக்கிற நகரத்தை எடுக்காதே. உன் தெருவை வரை! தங்கச்சி, நீ வரைவதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. அளவு நாடா ஒன்று போதும்!

பிறகு நாலு பேரைச் சேர். நாலு பேர் கிடைக்கவில்லையா? ஒருத்தனாகப் போ. வார்டு கவுன்சிலரிடம் குறை சொல்லப் போகாதே, வரைபடம் கொண்டு போ. "ஐயா, இந்தத் தெரு இப்படி இருக்கிறது. இப்படி ஆக்கலாம். எங்கள் பங்கு இது. நகராட்சியின் பங்கு இது" என்று சொல். கேட்கவில்லையா? அடுத்த மாதம் மறுபடி போ!

வைசியாள் வீதிக்காரர்கள் தங்கள் பங்கைப் போட்டார்கள். கத்ரிகள் நிலம் வாங்கினார்கள். ஆசிரமவாசிகள் பாத்திரத்தை உருக்கினார்கள். ஒருவரும் வெறுங்கையை நீட்டவில்லை. ஒருவரும் நாள் நட்சத்திரம் பார்க்கவில்லை.

உன் ஊரை எழுப்ப வெளியிலிருந்து யாரும் வரப் போவதில்லை. வந்தாலும், உன் கை இல்லாமல் அவர்களால் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த முடியாது.

மனு எழுத ஒரு தாள் போதும். இன்று இரவே எழுது! நாளைக் காலையில் நகராட்சி அலுவலகம் திறக்கும்போது வாசலில் முதல் ஆளாக நீ நிற்க வேண்டும்!